பொருள் சொல்பவன்

திருப்பூர்,
29.1.2007

சித்ராதேவிக்கு,

உன் அப்பன் பாண்டித்துரை எழுதுவது. கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப்போடத் தோன்றியிருக்கும். கிழிப்பதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. இதை எனக்காக எழுதவில்லை.

உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஐப்பசி மாதம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்றபடியே மயங்கி விழுந்தாள். கம்பெனி வேனில் கொண்டுவந்து விட்டார்கள். சாப்பிடாமல் வேலைக்குப் போனால் இப்படித்தான் என்று நான் திட்டினேன். ஒரு வருடமாக உதிரப்போக்கை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. கர்ப்பப்பையில் புற்றுக்கட்டி. கோயம்புத்தூரில் இருபத்தைந்து நாள் கரண்ட் வைத்தார்கள். தை பிறந்ததும் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். பங்குனியைத் தாண்டினால் பெரிது என்றார்.

என்ன வேண்டும் என்று உன் அம்மாவிடம் கேட்டேன். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள். உன்னைப் பார்க்க வேண்டுமாம்.

அவள் இருக்கிற இடம் யாருக்குத் தெரியும் என்று சத்தம் போட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஓனரம்மாவுக்குத் தெரியும்" என்றாள்.

இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. நீ பம்பாயிலிருந்து மூன்று வருடமாகக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறாய். அவை நம் லைன் வீட்டு ஓனரம்மா பெரியாத்தாள் முகவரிக்கு வந்திருக்கின்றன. நான் நிட்டிங் மெஷினில் ஷிப்டுக்குப் போன நேரத்தில் ஓனரம்மாவின் பேத்தி அனுப்பிரியா படித்துக் காட்டியிருக்கிறாள். உனக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்த அன்று உன் அம்மா பத்து வீட்டுக்கும் சர்க்கரை கொடுத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டதற்கு, கம்பெனியில் போனஸ் போட்டார்கள் என்று என்னிடம் சொன்னாள். நானும் ஒரு வாய் சர்க்கரை தின்றேன். இந்த லைனில் பத்து வீடு. அத்தனை வீட்டுக்கும் நீ உயிரோடு இருந்திருக்கிறாய். எனக்கு மட்டும்தான் செத்துப்போயிருக்கிறாய்.

கடிதங்களைக் காட்டச் சொல்லி ஓனரம்மாவிடம் போனேன். "ஏனுங்க, அது அவிய அம்மாளுக்கு வந்த லெட்டருங்க. உங்குளுக்கு வந்துருந்தா உங்ககிட்டக் குடுத்துருக்க மாட்டமுங்களா?" என்றார். முகவரியை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவசரத்துக்கு உன் பக்கத்து வீட்டு போன் நம்பரும் அதில் இருந்தது. சும்மா விடவில்லை. "உசுரோட இருக்கற புள்ளைக்கு மாலை போட்டுப் படம் வெச்சீங்களே, அன்னைக்கே ஊட்டக் காலி பண்ணச் சொல்லியிருப்பனுங்க. உங்க சம்சாரத்து மொகத்துக்காவத்தான் உட்டு வெச்சது" என்றார். என்னைவிட வயதில் மூத்தவர். பேசாமல் வந்துவிட்டேன்.

ஆனால் உன்னிடம் பேசாமல் இருக்க முடியாது. நடந்தது இன்னதென்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ அந்தோணிராஜோடு போன அன்று உன் அண்ணன் குமாரவேல் ஊரிலிருந்து அரிவாளைக் கொண்டுவந்து பைக் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டான். அவிநாசி, காங்கேயம், தாராபுரம் என்று ஆறு நாள் உங்களைத் தேடினான். சாப்பாடு இல்லை, குளியல் இல்லை. ஏழாவது நாள் நான் பிளக்ஸ் கடைக்குப் போனேன். கண்ணீர் அஞ்சலி, தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி என்று உன் படத்தைப் போட்டு அடித்து, பஸ் நிறுத்தத்தில் கட்டினேன். நான் தலைமுழுகினேன். அவனையும் முழுக வைத்தேன். இனி அவள் இல்லை, இல்லாதவளை எவனும் வெட்ட வேண்டியதில்லை என்று சொன்னேன். அன்றைக்குத்தான் அவன் சோறு தின்றான். அரிவாள் சீட்டுக்கு அடியில்தான் கிடந்தது, ஆனால் தேடுவதை விட்டான்.

அது உருவகம், சித்ரா. உருவகத்தில் உன்னைக் கொன்றேன். அதனால்தான் நிஜத்தில் நீ பிழைத்தாய். இதை நீ ஒருநாளும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டாய்.

உருவகம் என்றால் என்ன என்பது இந்தத் திருப்பூரில் ஐந்தாம் வகுப்புப் படித்த மெஷின்காரர்களில் எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. மெஷின் ஓடுகிற நேரத்தில் நூலகப் புத்தகம் படித்தே கற்றுக்கொண்டேன். குலுக்கையம்மாள் கதைக்குப் பொருள் கண்டுபிடித்தவனும் நான்தான். நீ கேட்டு வளர்ந்ததுதான். இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன்.

ஐந்து அண்ணன்மாருக்கு ஒரே தங்கை. அவள் ஆடு மேய்க்கிற ஒருத்தனோடு மனசு ஒத்துப் போனாள். அண்ணன்மார் அவளைக் குலுக்கைக்குள், ஆள் உயர மண் தானியக் கூண்டுக்குள் இறக்கி, வாயை மண்ணால் பூசி அடைத்தார்கள். மூன்றாம் நாள் பெரியவன் மூன்று முறை தட்டி, "தாயீ, இருக்கியா?" என்று கேட்டான். பதில் இல்லை. உடைத்துப் பார்த்தால் ஆள் இல்லை. கூண்டு நிறைய கம்பு முளைவிட்டிருந்தது. அன்றைக்கே மழை பெய்தது. அவளே நம் குலதெய்வம்.

மேலோட்டமாகப் பார்த்தால் பாவம்தான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் ஐந்து அண்ணன்மார் என்பது ஐம்புலன். தங்கை ஆன்மா. குலுக்கை இந்த உடம்பு. வாயைப் பூசுவது மௌனம். மூன்றாம் நாள் முளைப்பது ஞானம். இதை நான் முதன்முதலில் மைக்கில் சொன்னபோது ஊர்ப் பெரியவர்கள் எழுந்து நின்று துண்டு போட்டார்கள். அதிலிருந்து மாசி சிவராத்திரிக்கு மறுநாள் கோயில் குலுக்கையைத் தட்டுகிற உரிமையோடு பொருள் சொல்லும் உரிமையும் நம் வீட்டுக்கு வந்தது. சாமிக்குப் பிள்ளையை அறுத்துச் சமைத்த அடியார் கதையைக் கேட்டுவிட்டு எவனாவது அரிவாள்மனையை எடுக்கிறானா? உன் புருஷன் வேதத்திலும் ஒரு கிழவர் பெற்ற பையன் முதுகிலேயே விறகை ஏற்றி, பலி கொடுக்க மலைக்குக் கூட்டிப் போகிறார். கோயிலில் அதைப் படித்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்கிறார்கள். காரணம், அது உருவகம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நீ வர வேண்டும். முறையோடு வர வேண்டும். காரியம் செய்யப்பட்டவள் அப்படியே நிலைப்படி தாண்டக் கூடாது. நம் பூசாரியிடம் கேட்டேன், வழி இருக்கிறது என்றார். பின்வாசல் வழியாக வா. மஞ்சள் தண்ணீர் ஊற்றி, முறத்தில் நெல் பரப்பி உட்கார வைத்து, புதுப்பெயர் ஒன்றை உன் காதில் மூன்று முறை சொல்வேன். பிறந்த பிள்ளைக்குச் செய்வதுதான். பிறகு நீ என் மகள். குழந்தையைக் கொண்டு வா. அவன் வர வேண்டாம்.

உன் அம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். சீக்கிரம் புறப்படு.

இப்படிக்கு,
ம. பாண்டித்துரை


திருப்பூர்,
19.2.2007

மகள் சித்ராதேவிக்கு,

உன் பதில் எட்டாம் தேதி வந்தது. பதினோரு வரி. எண்ணிப் பார்த்தேன். உடனே பதில் எழுதவில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். தையிலிருந்து நான் மெஷினில் இல்லை. கண் மங்கிவிட்டது. கேட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நான் சாகவில்லை, அதனால் இன்னொரு முறை பிறக்க முடியாது என்று எழுதியிருக்கிறாய். உன் புருஷனும் குழந்தையும் இல்லாமல் வர மாட்டாய். முன்வாசல் வழியாகத்தான் வருவாய். மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகாது என்று என் கையால் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே ரயில் ஏறுவாய். சரி.

நான் பிளக்ஸ் கட்டிய அன்று நீ திருப்பூரிலேயே இருந்திருக்கிறாய். டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்தில் இருந்த பெண் படத்தைப் பார்த்து, "அய்யோ பாவம், சின்னப் புள்ளையாட்ட இருக்குதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உன் முகத்தைப் பார்த்து அலறிக்கொண்டு எழுந்தாளாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கம்பெனிக்குப் போகாமல், ஸ்டேஷனுக்கு நடந்திருக்கிறாய். எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் கட்டியிருப்பேன். உன் அண்ணன் கையில் அரிவாள் இருந்தது.

மலைக்குப் போன கிழவரைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். அங்கே கடைசி நேரத்தில் கையைப் பிடித்து நிறுத்த ஒருவர் இருந்தார், குலுக்கைக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்கிறாய். மலையை விட்டு இறங்கிய பிறகு அந்தப் பையன் அப்பனோடு ஒரு வார்த்தை பேசியதாக எங்கேயும் எழுதவில்லை என்று அந்தோணிராஜ் சொன்னாராம். ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறவனுக்கு இவ்வளவு வாசிப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதைத்தான் யோசிக்கிறேன்.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும், பொருள் தெரியாமல் எழுதுகிறாள் என்று சொல்லிவிட்டு மடித்தேன். அவள் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார வைக்கச் சொன்னாள். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"நீங்க மைக்குல பொருள் சொல்றப்ப நாங்க பொம்பளைக எல்லாம் எதுக்குத் தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்துருப்போம்னு நெனச்சீங்க?"

பக்தி என்று நினைத்தேன் என்றேன்.

சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க வைத்தேன். "தட்டுனது அண்ணங்காரங்க இல்லீங்க. அவதான் தட்டுனா. உள்ள இருந்து. ரெண்டு பகலா. ஆத்தாகாரி வெளிய உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தா. ஒடைக்க அவளை விடலை. மூணாம் நாளு சத்தம் நின்னுபோச்சு. ஒடைச்சா உள்ள கம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. சுவத்தச் சுத்தி நகத் தடம். அதுக்கப்புறந்தான் பயந்துபோயி சாமின்னு சொன்னாங்க" என்றாள்.

உன் அம்மா புத்தி கலங்கிப் பேசுகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் வசதியாக இருந்தது. மறுநாள் ஒச்சாயிக் கிழவியைப் பார்க்கப் போனேன். நம் ஊர்க்காரி, பனியன் வேஸ்ட் பிரிக்கிற குடோனில் துணிக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன். கை நிற்கவே இல்லை. வெள்ளையைத் தனியாக, கலரைத் தனியாகப் போட்டுக்கொண்டே, "ஆமாய்யா. பிள்ளை பெத்தவ படுத்துருக்கிற அறையில சொல்லுற கதை அது. ஒனக்கு முன்ன ஒங்க ஆத்தாளுக்கும் தெரியும்" என்றாள். என்னிடம் ஏன் ஒருத்தியும் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒங்ககிட்டச் சொன்னா அதுக்கும் ஒரு பொருளு சொல்லிப்புடுவீகளே" என்றாள். சுற்றி வேலை செய்த பெண்கள் சிரித்தார்கள்.

கோபமாக எழுந்து வந்தேன். இரண்டு நாள் கழித்து ஊருக்குப் புறப்பட்டேன். சிவராத்திரிக்கு மறுநாள் உச்சிவேளையில் எப்போதும் போலக் குலுக்கைக்கு முன்னால் நிறுத்தினார்கள். தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கைக்குழந்தையின் வாயைக்கூடப் பொத்திவிடுவார்கள், உனக்குத் தெரியும். அந்த அமைதியில் நான் பெண்கள் இருந்த பக்கம் பார்த்தேன். தட்டத் தொடங்கிய முப்பது வருடத்தில் முதல் தடவை பார்த்தேன். அவர்கள் கும்பிடவில்லை. இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள்.

இருந்தாலும் மைக்கைப் பிடித்துப் பொருள் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. நான் சொல்வது இதுதான். தட்டியது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். அது எந்தக் காலத்திலோ முடிந்த பாவம். பாவத்தைப் பாவமாகவே வைத்துக் கும்பிட முடியுமா? பொருள் ஒன்றைச் சொல்லி அதைக் கழுவத்தானே வேண்டும்? நான் கழுவினேன். அதில் என்ன தப்பு?

தப்பு எங்கே என்பதைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அண்ணன் காட்டினான். புது வேட்டி கட்டி, குலுக்கைக்குத் தோள் கொடுத்து வந்தவன் அவன். "அடுத்த வருசம் நான் பொருள் சொல்றேம்பா, எனக்கு மனப்பாடம்" என்றான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு நிறுத்தவில்லை. "அந்த அஞ்சு பேரும் சரியாத்தான் செஞ்சாங்க. நாமதான் பிளக்ஸோட விட்டுட்டோம்" என்றான்.

ஐம்புலன் என்று இருபது தடவையாவது அவனுக்குச் சொல்லியிருப்பேன். அவன் காதில் அண்ணன்மார் என்றுதான் விழுந்திருக்கிறது.

அதனால்தான் நீ கேட்டதை எழுதிக் கொடுக்க என் கை தயங்குகிறது. உனக்கு என் சொல் போதாதா, பத்திரம் வேண்டுமா என்று ஆத்திரமும் வருகிறது. ஒன்று செய். நீயும் குழந்தையும் வாருங்கள். முறமும் மஞ்சள் தண்ணீரும் வேண்டாம், விட்டுவிடுகிறேன். அந்தோணிராஜ் மட்டும் அவிநாசியில் லாட்ஜில் தங்கட்டும். ஸ்டேஷனுக்கு நானே வந்து உன்னை ஆட்டோவில் அழைத்துப்போய் அழைத்துவருகிறேன். குமாரவேல் கம்பெனியில் இருக்கிற நேரமாகப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு மேல் என்னால் இறங்க முடியாது.

உன் அம்மா கஞ்சி மட்டும் குடிக்கிறாள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கண்ணைத் திறக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா


திருப்பூர்,
10.3.2007

அன்புள்ள மகள் சித்ராதேவிக்கு,

அப்பா எழுதுவது. செவ்வாய்க்கிழமை ஓனரம்மா போனில் சொல்லியிருப்பார். வருவதற்கு இரண்டு நாள் ஆகும், காக்க வைக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று நீ சொன்னதாகச் சொன்னார். எடுத்துவிட்டோம். வேறு விவரங்களை நான்தான் எழுத வேண்டும்.

காலை பதினொரு மணி இருக்கும். கரண்ட் போனது. அடுத்த காம்பவுண்டில் ஓடிக்கொண்டிருந்த நிட்டிங் மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. உன் அம்மா கண்ணைத் திறந்து, "மெஷின் நின்னுபோச்சா?" என்று கேட்டாள். ஆமாம், இப்போது வந்துவிடும் என்றேன். பன்னிரண்டு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. அவள் அதைக் கேட்கவில்லை. வலி இல்லாமல்தான் போனாள். உன்னைக் கடைசியாகக் கேட்டது திங்கட்கிழமை மத்தியானம். கடிதம் வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். "நீங்க என்ன எழுதிப் போட்டீங்க?" என்றாள். எழுதியதைச் சொன்னேன். லாட்ஜ், ஆட்டோ எல்லாம் சொன்னேன். என் கையைத் தன் கையிலிருந்து எடுத்துவிட்டாள். கையில் பலமே இல்லை. இருந்தும் எடுத்துவிட்டாள்.

நீ கேட்டது மூன்று வரி உறுதிமொழி. போன மாதம் எட்டாம் தேதியே எழுதிப் போட்டிருந்தால் பதினைந்தாம் தேதிக்கு நீ வந்திருப்பாய். உன் அம்மாவும் நீயும் இருபது நாள் சேர்ந்து இருந்திருக்கலாம். இதற்கு நான் எந்தப் பொருளும் சொல்லப் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் இருபத்தாறாம் தேதி உன் பக்கத்து வீட்டு நம்பருக்கு போன் வந்ததே, அது நான்தான். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன். யாரோ போய் உன்னைக் கூப்பிட்டார்கள். நீ ஓடிவந்த மூச்சு கேட்டது. ஹலோ என்றாய். இன்னொரு தடவை ஹலோ என்றாய். மூன்றாவது தடவை, "யாரு, அம்மாவா?" என்றாய். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். வைத்துவிட்டேன். நீ அந்தப் பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தாய், சித்ரா. நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மா சொன்ன கதை முழுசாகப் புரிந்தது அப்போதுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், உடலைக் குளிப்பாட்டும் முன் பிளக்ஸ் கடைக்கு நானே போனேன். அதே கடை. கண்ணீர் அஞ்சலிக்கு உன் அம்மாவின் கம்பெனி அட்டையில் இருந்த படத்தைக் கொடுத்தேன். கீழே போட, துயருறும் குடும்பத்தார் பெயரைக் கடைக்காரர் கேட்டார். கணவர் பாண்டித்துரை, மகன் குமாரவேல் என்றேன். மகள் சித்ராதேவி, மருமகன் அந்தோணிராஜ் என்றேன். அவர் தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க பெரியவரே, இவங்களுக்குத்தானுங்களே அன்னைக்கு நம்ம கடையில அடிச்சது? பைல் கூட இன்னும் கம்ப்யூட்டர்ல கெடக்குதுங்க" என்றார். உருவகம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. அது பொய்ங்க, நான்தான் சொன்னேன், அழித்துவிடுங்கள் என்றேன். என் கண் முன்னாலேயே அழித்தார்.

போர்டைச் சந்து முனையில் கட்டியதும் குமாரவேல் வந்து பார்த்தான். உடல் உள்ளே இருக்கிறது, வாசல் நிறைய ஆட்கள். செத்தவள் பெயர் எப்படி வரும் என்று கத்தினான். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அவள் சாகவில்லை. செத்ததாகச் சொன்னது நான். குலுக்கைக் கதைக்கு நான் சொன்ன பொருளும் அப்படித்தான். அந்த ஐந்து பேரும் கொலைகாரர்கள். தங்கையைக் கொன்றார்கள். அவ்வளவுதான் கதை, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்றேன். ஒச்சாயிக் கிழவி ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி ஆரம்பித்தாள்.

அரிவாளை அவன் பைக் சீட்டுக்கு அடியிலிருந்து நானே எடுத்து, சுடுகாட்டுக்குப் போகிற வழியில் பாலத்திலிருந்து நொய்யலில் போட்டேன். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கொள்ளி வைத்துவிட்டு வந்ததிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நேற்று அவனை உன் அம்மா படத்துக்கு முன்னால் நிறுத்தி, விளக்கில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். செய்தான். அழுதுகொண்டே செய்தான். அவன் மனசுக்கு நான் உத்தரவாதம் இல்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த மனசை இருபது வருடம் மைக் வைத்து நான்தான் வளர்த்தேன். அவன் கைக்கு நான் உத்தரவாதம்.

நீ கேட்டபடி எழுதிக் கொடுக்கிறேன். ஓனரம்மா சாட்சிக் கையெழுத்துப் போடுவார்.

மருதமுத்து மகன் பாண்டித்துரையாகிய நான் எழுதிக் கொடுப்பது. என் மகள் சித்ராதேவியும் அவள் கணவர் அந்தோணிராஜும் அவர்கள் குழந்தையும் என் வீட்டுக்கு எந்த நாளும், எந்த நேரமும், முன்வாசல் வழியாக வரலாம். தங்கலாம். போகலாம். யாராவது அவர்கள் மேல் கை ஓங்கினால் அந்தக் கை முதலில் என் மேல் விழ வேண்டும். அப்படி நடந்தால் நானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், பெற்ற மகன் என்று பார்க்காமல் எழுதிக் கொடுப்பேன். இது என் சுயபுத்தியோடு எழுதியது.

பதினாறாம் நாள் காரியம் இருபத்தொன்றாம் தேதி, புதன்கிழமை. அந்தோணிராஜிடம் நான் சொன்னதாகச் சொல். மருமகன் முறையில் அவருக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அவர் கட்டுவாரோ மாட்டாரோ, அவர் இஷ்டம்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால் நீ அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தையும் உன் மேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மலையிலிருந்து இறங்கிய பையன் அப்பனோடு பேசாமல் இருந்தது நியாயம்தான். அதையும் அந்தோணிராஜிடம் சொல்.

ஒன்றே ஒன்று. போர்டில் பேரக்குழந்தை என்று போட்டு, பக்கத்தில் பெயருக்கு இடம் விட்டிருக்கிறோம். எனக்குத் தெரியவில்லை. பேரனா பேத்தியா என்பதும் தெரியாது. உன் அம்மா இருந்தவரை அவளிடம் கேட்க என் வீம்பு விடவில்லை. ஓனரம்மாவிடம் கேட்டேன். "அதை நாஞ் சொல்லக் கூடாதுங்க, உங்க புள்ளகிட்டயே கேளுங்க" என்கிறார். சந்து முனையைக் கடக்கிறவர்கள் நின்று படித்துவிட்டு, அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

நீ வர வேண்டும் என்று நான் கேட்கலாமா என்று தெரியவில்லை. வர முடியாவிட்டால் ஒரு கார்டு போதும். அதில் எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம். பிள்ளையின் பெயரை மட்டும் எழுது, தாயீ.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருங்கள்.

அன்புள்ள அப்பா,
ம. பாண்டித்துரை
சாட்சி: பெரியாத்தாள்